கத்தியின் முதுகு

அந்த வீடியோ மொத்தம் இருபத்து மூன்று வினாடி. சண்முகவடிவு அதை முதலில் பார்த்தது சனிக்கிழமை மாலை, கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடக் கொழுந்து எடுக்கிற ஜீவராணியின் போனில். தூறிக்கொண்டிருந்தது. ஜீவராணி போனை இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்குள் மறைத்துப் பிடித்துக் காட்டினாள். கண்ணாடியில் விழுந்த தூறலைப் பெருவிரலால் துடைத்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் செல்லசாமி, அவளுடைய புருஷன், நடு ரோட்டில் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தான்.

"இது எங்க வீட்டு ஆளு இல்ல," என்றாள் சண்முகவடிவு.

"நல்லா பாருக்கா. தொப்பியப் பாரு."

தொப்பி அவள் பின்னிக் கொடுத்தது. பச்சைக் கம்பளி, நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. பின்னும்போது கோடு கோணிவிட்டது. அவிழ்த்துப் பின்ன நேரம் இல்லை. போனுக்குள்ளும் அது கோணலாகத்தான் இருந்தது.

எல்லோரும் சேர்ந்து நடந்ததாகச் சொன்னது இதுதான். செல்லசாமி ஆத்துமேட்டுத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். முற்றிப்போன தேயிலைச் செடியைத் துளிர்க்க விடுவதற்காக முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறான். சனிக்கிழமை கவ்வாத்து ஆட்களுக்கு அரை நாளோடு வேலை முடிந்ததும், பிடி ஆடிக்கொண்டிருந்த கத்தியைச் சந்தியில் இருக்கும் கொல்லுப் பட்டறையில் கொடுத்து இறுக்கினான். உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றான். முந்தின நாள் அதே சந்தியில் யாரோ ஒரு கடைக்காரரைக் கத்தியால் வெட்டிவிட்டு ஓடியிருந்தார்கள். பொலிஸ் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. சாக்கில் என்ன என்று கேட்டார்கள். கவ்வாத்துக் கத்தி என்றான். "பென்னப்பன்," காட்டு என்று சிங்களத்தில் சொன்னான் ஒரு பொலிஸ்காரன். மீசை சரியாக முளைக்காத வயது.

வீடியோ அங்கேதான் தொடங்குகிறது. நாலாவது வினாடியில் கத்தி மேலே போகிறது. யாரோ கீழே போடச் சொல்லிக் கத்துகிறார்கள். ஆறாவது வினாடியில் செல்லசாமி தலையைத் திருப்பி ரோட்டோரம் பார்க்கிறான். எட்டாவதில் பொலிஸ்காரனின் பொல்லுத்தடி மணிக்கட்டில் விழுகிறது, கத்தி விழுகிறது. அதற்குப் பிறகு பதினைந்து வினாடி. அந்தப் பதினைந்து வினாடியையும் நிறுத்தி நிறுத்தி எண்ணியவள் மகள் நிஷாந்தி. பதினோரு அடி, நாலு உதை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறாள், இருபத்தொரு வயது. செய்தி கேட்டதும் லீவு சொல்லாமலே பஸ் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை செல்லசாமியை ஆஸ்பத்திரியிலிருந்து பொலிஸ் பிணையில் விட்டார்கள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இடது பக்க விலாவில் இரண்டு எலும்பில் வெடிப்பு. முகத்தில் காயமே இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஆள் கொள்ளவில்லை. மாரி பிஸ்கட்டும் பால்மா பைக்கட்டும் மேசையில் குவிந்தன. ஒருத்தி மாட்டுக்கால் சூப்பு கொண்டு வந்தாள். இன்னொருத்தி பழைய தலையணை உறையில் வெந்நீர் போத்தலைச் சுற்றிக்கொண்டு வந்து விலாவில் வைத்தாள். எல்லாருடைய கையிலும் போன் இருந்தது. வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். கத்தி தூக்கினவனை மாலை போட்டா வரவேற்பார்கள் என்று ஒருவர். பொலிஸ்காரனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று ஒருவர். விழுந்தவனை எதற்கு அடிக்கிறீர்கள், என் தம்பியையும் இப்படித்தான் அடித்தார்கள் என்று சிங்களத்தில் ஒரு பெண். தோட்டத்தான்கள் எல்லாருமே கத்தியோடுதான் திரிகிறான்கள் என்று ஒருவர். அதற்கு அறுநூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

"சிங்களவங்க பாதிப் பேரு நம்ம பக்கம் பேசுறாங்க. தமிழ் ஆளுங்கள்ல பாதிப் பேரு பொலிஸ் பக்கம் பேசுறாங்க," என்றாள் ஜீவராணி. "எனக்கு ஒண்ணும் வெளங்கல."

தோட்டத் தலைவர் யோகேஸ்வரன் இருட்டுமுன்னே வந்தார். தொழிற்சங்கத்து ஆள், வேலை தேயிலை இஸ்டோரில், தொழிற்சாலையில். உட்கார்ந்ததும் வாசலைப் பார்த்துக் குரலை இறக்கினார்.

"செல்லசாமி அண்ணே, ஒரே ஒரு கேள்வி. ஏன் தூக்குனீங்க?"

"காட்டச் சொன்னாங்க. காட்டுனேன்."

"காட்டுறதுன்னா சாக்க விரிச்சுக் காட்டணும். தலைக்கு மேல தூக்கியா காட்டுவாங்க?"

செல்லசாமி அவரைப் புரியாமல் பார்த்தான். "அப்ப எப்படிக் காட்டுறது?"

யோகேஸ்வரன் பெருமூச்சு விட்டார். வாசலில் குந்தியிருந்த மூக்கன் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி, "எங்க அண்ணே கை ஓங்குற ஆளு இல்லங்க தலைவரே," என்றான். அப்புறம் யோசித்துவிட்டு, "ஆனா வீடியோல ஓங்குன மாதிரித்தான் இருக்கு," என்றான். பிஸ்கட் உடைந்து தேத்தண்ணிக்குள் விழுந்தது. விரலால் துழாவி எடுத்தான். மூக்கனும் கவ்வாத்து வெட்டுகிறவன்தான், செல்லசாமிக்குத் தம்பி முறை.

"பொலிஸ் ஸ்டேசன் பெரியவரு ஓஐசி மஹத்தயாவப் போய்ப் பாத்தேன்," என்றார் யோகேஸ்வரன். "மரியாதையாத்தான் பேசுறாரு. கத்திய ஓங்குனது தப்புன்னு ஒத்துக்கிட்டா சின்னதா முடிச்சிருவாங்களாம். அடிச்சதப் பத்தி நாம மேல எழுதிக் குடுக்கக் கூடாது."

"ஒத்துக்கலன்னா?" என்றாள் நிஷாந்தி.

"வெள்ளிக்கெழம கோட்டுல ரிமாண்ட் கேப்பாங்கம்மா. ஆயுதத்தக் காட்டி பொலிஸ வெட்ட வந்த கேஸு."

"அப்பா வெட்டப் போகல."

"நான் நம்புறேன். நீயும் நம்புற. நீதவான் ஐயா வீடியோவத்தானே பாப்பாரு."

அவர் போன பிறகு சண்முகவடிவு ரொட்டி சுட்டாள். கட்டச் சம்பல் இடித்தாள். புருஷனுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் ஊட்டியதில்லை. இருவருக்கும் வெட்கமாக இருந்தது. ஊட்டும்போதே அவளுக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வார்த்தைக்கு அவன் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினான். ஒரே ஒரு தடவைதான். ஆனால் தட்டு மேலே போன வேகம் அவள் கண்ணில் இருந்தது. வீடியோவில் நாலாவது வினாடியும் அதே வேகமா? திரும்பத் திரும்பப் பார்த்தும் அவளால் முடிவு சொல்ல முடியவில்லை.

"ஏங்க, என்கிட்ட மட்டும் நெசத்த சொல்லுங்க. கோவம் வந்துச்சா?"

"பயம்தான் வந்துச்சு."

"பயந்தவரு ஏன் தூக்குனீங்க?"

செல்லசாமி இடது கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தான். விலா இழுத்துக்கொண்டது. கை பக்கவாட்டில் பாதி தூரம் போய், வௌவால் விரட்டுகிற மாதிரி ஆடி, கீழே விழுந்தது.

"இப்படி இல்ல," என்றான். "இந்தக் கை சொன்னபடி கேக்காது வடிவு."

"சரி, போடச் சொன்னப்பவாவது போட்டிருக்கலாமே. அந்தப் பக்கம் எதத் தேடுனீங்க?"

"புல்லு."

"என்னாது?"

"புல்லு இருக்கான்னு பாத்தேன்," என்றான். கண்ணை மூடிக்கொண்டான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அடி மண்டையிலும் பட்டிருக்குமோ என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சந்தியில் கூட்டம் போட்டார்கள். இருநூறு பேர் இருக்கும். செல்லசாமியின் படம் ஒட்டிய போர்டைப் பிடித்துக்கொண்டு மூக்கன் முன்வரிசையில் நின்றான். வீடியோ எடுத்தார்கள். அதற்குக் கீழேயும் எழுதினார்கள்.

புதன்கிழமை சண்முகவடிவு வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது மனம். ஆடி மாதத்துக் காற்று மலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பெண்களை வழக்கத்துக்கு முன்னதாகவே பத்தாம் நம்பர் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். நேரெதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்த வருடக் கவ்வாத்து மலை. பெண்கள் அதற்குள் போவது வெட்டி முடிந்த பிறகுதான், விறகுக்கு வெட்டி விழுந்த மிலாறுக் குச்சி பொறுக்க. ஆண்கள் வெட்டத் தொடங்குவதை யாரும் நின்று பார்த்ததில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?

அவள் ஐந்தாறு பிடி கொழுந்து எடுத்துக் கூடைக்குள் போட்டிருப்பாள். காற்று ஒரு வீச்சு வீசியது. ஓடையில் கிடந்த மூடுபனி, படுத்திருந்த மாடு எழுந்து நடப்பதைப் போல மெதுவாக எழுந்து போனது. எதிர் மலையின் விளிம்பில் ஆண்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. கவ்வாத்துக் கங்காணி நல்லமுத்து அவர்களுக்கு முன்னால் நின்றார். அவர் ஏதோ சொன்னார். காற்றில் இந்தப் பக்கம் கேட்கவில்லை.

பதினாலு கைகள் தலைக்கு மேலே போயின. பதினாலு கத்திகள்.

ஒரே சீராக, ஒரே வேகத்தில். நாலாவது வினாடி.

"ஏய்!" என்று அலறினாள் சண்முகவடிவு. பக்கத்து நிரையில் இருந்த ஜீவராணி, பாம்பு என்று நினைத்துக் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கனை அவள் பகல் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தாள். ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

"காலையில என்னா செஞ்சீங்க எல்லாரும்? கத்திய தூக்கிக்கிட்டு?"

"எது மதினி? ஓ, அதுவா. கத்தி காட்டுறது. தெனமும் காட்டுறதுதானே. கங்காணி 'கத்தி'ன்னுவாரு. தூக்கணும். வெட்டுற வாய் மேல பாத்து இருக்கணும், வெட்டாத முதுகு அவரு பக்கம். வானத்து வெளிச்சத்துல பாத்தா வாய் எங்க ஒடஞ்சிருக்குன்னு தெரிஞ்சிரும். ஒடஞ்ச கத்தியால வெட்டுனா கட்ட பொளந்து அழுகிப் போகும். அப்புறம் தொரை கங்காணியத் திட்டுவாரு, கங்காணி நம்மளத்..."

அவன் நிறுத்தினான். வாயில் இருந்த ரொட்டியை விழுங்கவில்லை.

"அய்யய்யோ," என்றான்.

"கத்திய எங்க வைப்பீங்க? கீழ போடச் சொன்னா?"

"கீழ போடவே மாட்டோமே. கல்லுல பட்டா வாய் போயிரும். புல்லு பாத்து வைப்போம்." மூக்கன் எழுந்து நின்றான். "மதினி, அண்ணே சரியாத்தான் காட்டியிருக்காரு. முதுகு பொலிஸ்காரன் பக்கம். அய்யோ, நான் நூறு தடவ பாத்தேனே. எனக்கே தெரியலையே."

அன்று அந்தியில் நிஷாந்தி ஹட்டனில் இருக்கும் வக்கீலுக்குப் போன் போட்டாள். சங்கம் பிடித்துக் கொடுத்த வக்கீல், தனுஜா என்று பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க தங்கச்சி. காலையில அவங்க தூக்குறத அப்படியே வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுறேன். நாளைக்குள்ள வேணும்."

செல்லசாமியிடம் சொன்னார்கள். அவன் ஆச்சரியப்படவில்லை. "அதத்தானே திங்கக்கெழமையிலேருந்து சொல்றேன்," என்றான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு முன்பே தாயும் மகளும் கவ்வாத்து மலையில் நின்றார்கள். நிஷாந்தி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆட்கள் வரிசையில் வந்து நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் போனைப் பார்த்தார்கள்.

"கத்தி!" என்றார் நல்லமுத்துக் கங்காணி.

ஒருவரும் தூக்கவில்லை. ஓரத்தில் நின்றவன் இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்தான். கத்தியை அதன்மேல் வைத்தான். அடுத்தவனும் வைத்தான். பதினாலும் தரைக்கு வந்தன. கங்காணி இடுப்பில் கை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார்.

"என்னாங்க இது?" என்றாள் சண்முகவடிவு.

"நான் கூப்பிடத்தான் முடியும் தங்கச்சி. ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சா தூக்க முடியும்?" என்றார் கங்காணி.

நிஷாந்தி மூக்கனிடம் போனாள். "முந்தாநேத்து அப்பா படத்தப் புடிச்சுக்கிட்டு முன்னால நின்னது நீங்கதானே சித்தப்பா?"

"அப்ப என் கையில போர்டு இருந்துச்சு. கத்தி இல்ல."

"ஒரு நிமிஷ வேலை. தெனமும் செய்றதுதானே?"

"புள்ள, கொஞ்சம் யோசி. ஒருத்தரு தூக்குனதுக்கே வெட்ட வந்தான்னாங்க. பதினாலு பேரு தூக்கிக்கிட்டு நிக்கிற வீடியோவ நீ எடுத்து, அது யார் யார் போனுக்கோ போயி... நீதவான் கவ்வாத்துன்னு பாப்பாரா? மத்தவங்க என்னான்னு பாப்பாங்க?"

நிஷாந்தி போனை இறக்கினாள். அறுநூறு பேர் விருப்பம் போட்ட அந்த வரி ஞாபகம் வந்திருக்க வேண்டும். சண்முகவடிவுக்கும் அந்தப் பதினாலு கத்திகள் நேற்று எப்படித் தெரிந்தன என்று ஞாபகம் வந்தது. புருஷனுக்கு விடிவு என்று அலறினாளா, பயந்து அலறினாளா? முதல் ஒரு வினாடி என்னவாக இருந்தது?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். செல்லசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அவங்களக் கொற சொல்லாத. தலைவர்கிட்ட சொல்லிரு. ஒத்துக்கிர்றேன்."

"செய்யாதத எப்படி ஒத்துக்குவீங்க?"

"தூக்குனேன்ல? அதத்தானே ஒத்துக்கச் சொல்றாங்க."

"ஓங்குனதா ஒத்துக்கச் சொல்றாங்க!"

"ரெண்டும் ஒண்ணா வேறயான்னு எனக்கே இப்ப தெரியல," என்றான்.

மாலை ஆறு மணி இருக்கும். மழை விட்டு, லயத்துக் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முன் திண்ணையான இஸ்தோப்பில் பல்பைப் போட்டபோது மூக்கன் வந்து நின்றான். கையில் சாக்கு.

"என் மொகத்த எடுக்காத. கைய மட்டும் எடு," என்றான் நிஷாந்தியிடம். "என் பொஞ்சாதிக்குத் தெரியாது. சீக்கிரம்."

செல்லசாமியைத் தாங்கிப் பிடித்து இஸ்தோப்புக்குக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மூக்கன் கத்தியை எடுத்தான். தூக்கினான். நடுங்கிக்கொண்டு மேலே போன கத்தியைப் பார்த்தால் உண்மையாகவே யாரையோ வெட்டப் போகிறவன் மாதிரி இருந்தது.

"அப்படி இல்லடா. முதுகு இந்தப் பக்கம்," என்றான் செல்லசாமி.

"தெரியும்ணே. யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா வர மாட்டேங்குது."

"கங்காணி நிக்கிறாருன்னு நெனச்சுக்க."

மூக்கன் மூச்சை இழுத்துவிட்டான். மறுபடி தூக்கினான். இந்தத் தடவை கை நேராகப் போய் நின்றது. வாய் மேலே, முதுகு போனின் பக்கம்.

கீழே ரோட்டு வளைவில் என்ஜின் சத்தம் கேட்டது. ஏதோ வண்டி லயத்துப் பக்கம் ஏறி வந்தது.

மூக்கனின் விரல்கள் விரிந்தன. கத்தி சிமெண்டில் விழுந்து கணீரென்றது. இரண்டு கைகளும் வெறுமையாகத் தலைக்கு மேலே நின்றன.

அப்புறம் பேக்கரிப் பாண் விற்கிற வண்டியின் பாட்டுத் தொடங்கியது. தினமும் ஆறு மணிக்கு வருகிற அதே த்ரீவீல், தகரக் குரலில் அதே மெட்டு.

சண்முகவடிவு பையை எடுக்க உள்ளே போனாள். செல்லசாமி குனிந்தான். விலாவை மாவுக்கட்டுக் கையால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் கத்தியை எடுத்தான். பல்பு வெளிச்சத்துக்கு நேரே தலைக்கு மேலே தூக்கினான். திங்கட்கிழமை சொன்னபடி கேட்காத அந்தக் கை ஆடவில்லை. வாய் மேலே, முதுகு ரோட்டுப் பக்கம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"வாய் போச்சுடா மூக்கா. நடுவுல ரெண்டு எடம்." அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இதுக்குத்தான் புல்லு தேடுனேன்."

"போனா போகட்டும்னு போட்டிருக்கணும்ணே."

"போட்டிருக்கணுமா?" என்று கேட்டான் செல்லசாமி. மூக்கனைக் கேட்ட மாதிரி இல்லை.

பாண் வண்டி லயத்துக்கு முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டி இஸ்தோப்பைப் பார்த்தான். பல்புக்குக் கீழே நின்ற கத்தியைப் பார்த்தான். வண்டியை ஒரு வெட்டு வெட்டித் திருப்பி, வந்த வழியே இறங்கினான். பாட்டை நிறுத்த மறந்துவிட்டான்.

"பாண்! ஏய், பாண்!" பையோடு ஓடி வந்த சண்முகவடிவு படிக்கட்டுவரை போய்க் கத்தினாள். "நாங்கதாங்க! செல்லசாமி வீடு!"

வண்டி நிற்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் மெட்டு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவள் திரும்பி வந்தாள். நிஷாந்தி போனை இன்னும் இறக்கவில்லை. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாமே வந்திருச்சும்மா. சித்தப்பா தூக்குனது, போட்டது, அப்பா தூக்குனது. தெனமும் வர்ற அந்தப் பாண்காரரே பயந்து திரும்பிப் போனதும் இருக்கு. அத மட்டும் வெட்டிட்டு வக்கீலம்மாவுக்கு அனுப்பவா?"

சண்முகவடிவு புருஷனைப் பார்த்தாள். அவன் கத்தியை மடியில் வைத்து, உடைந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"வெட்டாத," என்றாள். "அதையும் சேத்தே அனுப்பு."